கறுப்புத் திரையின் காவலர்கள்: கட்டளைவரிக் கண்காணிப்புக் கருவிகளும் செங்கல்பட்டுக் கடற்கரையும்

ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் உள்நிலையை எழுத்துகளாலும் எண்களாலும் மட்டும் காட்டும் சிறு நிரல்களுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. இவற்றில் படம் இல்லை, மவுஸ் தேவையில்லை. கறுப்புத் திரையில் ஒரு சொல்லைத் தட்டினால் போதும். எந்த ப்ராசஸ் எவ்வளவு சிபியு நேரத்தை எடுத்துக்கொள்கிறது, மெமரியில் எவ்வளவு மீதம், எத்தனை வேலைகள் வரிசையில் காத்து நிற்கின்றன என்பதெல்லாம் வரிவரியாக வந்துவிடும். சிறுசேரி சிப்காட் பூங்காவிலும், பரனூரை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலும், கூடுவாஞ்சேரிப் பக்கத்து அலுவலகங்களிலும் இரவுப் பணி பார்க்கும் ஆயிரக்கணக்கானோருக்கு இவை அன்றாடக் கருவிகள். "சர்வர் ஸ்லோவா இருக்கு" என்று ஒரு டிக்கெட் வந்தால் மூத்தவர் இளையவரிடம் கேட்கும் முதல் கேள்வி, "டாப் அடிச்சுப் பார்த்தியா?" என்பதுதான்.

டாப் பிறப்பதற்கு முன்பே யுனிக்ஸில் பி.எஸ். என்ற கட்டளை இருந்தது. பெல் ஆய்வகத்தில் உருவான யுனிக்ஸின் மூன்றாம் பதிப்பில், 1973இல், அது இடம்பெற்றது. அப்போது இயங்கிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களைப் பட்டியலிட்டுக் காட்டிவிட்டு முடிந்துவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அந்தப் பட்டியலைத் திரட்டிய முறை கரடுமுரடானது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் தன் கணக்குகளை எழுதிவைத்திருக்கும் மெமரிப் பகுதிக்குள்ளேயே பி.எஸ். நேராகப் புகுந்து, எந்த முகவரியில் எந்த அட்டவணை இருக்கிறது என்று தேடி, பைட்டுகளாக வாரி எடுத்துப் பொருள் கொள்ளும். கெர்னலில் ஒரு அட்டவணையின் அமைப்பு சற்று மாறினாலும் பி.எஸ். உளறத் தொடங்கும். கெர்னலைத் திருத்திக் கட்டியவர் பி.எஸ்.ஸையும் கூடவே மறுபடி கட்டியாக வேண்டும். பிற பயனர்களின் தகவல்களும் கிடக்கும் மெமரியைப் படிக்கச் சிறப்பு உரிமையும் வேண்டியிருந்ததால், ஒரு கண்காணிப்புக் கருவியே பாதுகாப்பு ஓட்டையாகவும் ஆகக்கூடிய நிலை இருந்தது. இந்த வகைக் கருவிகளின் தலையாய சிக்கல் அப்போதே வெளிப்பட்டுவிட்டது. கருவியில் யாரும் கை வைக்காவிட்டாலும், அது பார்த்துக்கொண்டிருக்கும் பொருள் மாறுவதால் கருவி பழுதாகிறது.

1984இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த வில்லியம் லஃபீவர், பெர்க்லி யுனிக்ஸுக்காக டாப்பை எழுதினார். டிஜிட்டல் நிறுவனத்தின் வி.எம்.எஸ். இயங்குதளத்தில், சிபியுவை அதிகம் பயன்படுத்தும் ப்ராசஸ்களை மேலே காட்டும் வசதி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவருக்கு எண்ணம் எழுந்தது. பி.எஸ். எல்லாவற்றையும் ஒருமுறை கொட்டிவிட்டுப் போய்விடும். டாப் வரிசைப்படுத்தும், ஒரு திரைக்குள் அடங்குவதை மட்டும் காட்டும், சில விநாடிகளுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அன்றைய டெர்மினல்கள் மெதுவான கம்பிகள் வழியே இணைக்கப்பட்டிருந்தன. முழுத் திரையையும் திரும்பத் திரும்ப வரைந்தால் கம்பி தாங்காது. அதனால் முந்தைய திரையோடு ஒப்பிட்டு, மாறிய எழுத்துகளை மட்டும் அனுப்பும்படி லஃபீவர் எழுதினார். இன்னொரு நல்ல முடிவையும் எடுத்தார். கெர்னலைத் தொடும் பகுதி முழுவதையும் தனிக் கோப்பாகப் பிரித்துவைத்தார். ஒவ்வொரு யுனிக்ஸ் வகைக்கும் அந்த ஒரு கோப்பை எழுதிச் சேர்த்தால் மற்றவை அப்படியே வேலை செய்யும். சன், எச்.பி. என்று நிறுவனத்துக்கு ஒரு யுனிக்ஸ் கிளைத்த காலத்தில் டாப் எல்லா இடங்களிலும் பரவியதற்கு இந்தப் பிரிப்பே காரணம். யாரோ எங்கோ புதிய இயந்திரத்துக்கான கோப்பை எழுதி அவருக்கு அனுப்புவார்; அது அடுத்த பதிப்பில் சேரும். பராமரிப்பை முதலிலேயே மனத்தில் வைத்துக் கட்டிய கருவி அது.

அதே 1984இன் தொடக்கத்தில்தான் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு வணிக உற்பத்தியைத் தொடங்கியது. 1983 ஜூலையில் அங்கே தொடர்வினை தொடங்கியிருந்தது. இரண்டாம் அலகு 1986இல் வணிக உற்பத்திக்கு வந்தது. இயங்கும் அமைப்பொன்றை இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது தனித் தொழிலாக இந்தக் கடற்கரையில் முதலில் வேரூன்றியது அந்தக் கட்டுப்பாட்டு அறைகளில்தான். இவ்வகை அழுத்தக் கனநீர் உலையில் 306 குளிர்விப்புக் குழாய்கள். ஒவ்வொன்றின் வழியாகவும் வெளிவரும் கனநீரின் வெப்பநிலையைக் கவனிக்க வேண்டும். இத்தனை அளவீடுகளில் எதை மனிதனின் கண்முன் வைப்பது என்பது அணுசக்தித் துறைக்கு உயிர்ப்பிரச்சினை. 1979இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு விபத்தில் முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒன்றாக ஒலித்தன. அவற்றுள் முதன்மையானது எது என்று பணியில் இருந்தவர்களால் பிரித்தறிய முடியவில்லை. அதன்பின் முக்கியமான சில அளவுகளை மட்டும் ஒரே இடத்தில் காட்டும் திரைகள் உலக அணுமின் நிலையங்களில் வந்தன. டாப்பின் வழியும் இதுவே. எல்லாவற்றையும் காட்டுவது கண்காணிப்பு ஆகாது. பொறுக்கி எடுத்து வரிசைப்படுத்திக் காட்டுவதே கண்காணிப்பு.

கல்பாக்கத்து அறைகளின் விழிப்பு 2004 டிசம்பர் 26 காலையில் சோதிக்கப்பட்டது. ஆழிப்பேரலையில் கடல்நீர் ஏறி, கடல்நீரை இறைக்கும் பம்புகள் இருந்த கட்டடத்துக்குள் புகுந்தது. முதல் அலகு அப்போது நீண்டகாலப் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் அலகைப் பணியாளர்கள் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். சோதனைகளுக்குப் பின் சில நாட்களில் அது மறுபடி இயங்கத் தொடங்கியது.

யுனிக்ஸின் பக்கம், கெர்னல் மெமரிக்குள் புகுந்து படிக்கும் முறைக்கு மாற்றாக ஒரு தெளிவான யோசனை 1984இலேயே வெளிவந்தது. பெல் ஆய்வகத்தின் டாம் கிலியன், ப்ராசஸ்களைக் கோப்புகளாகப் பார்க்கலாம் என்று ஒரு கட்டுரையில் முன்வைத்து, யுனிக்ஸின் எட்டாம் பதிப்பில் அதைச் செய்தும் காட்டினார். ப்ராக் என்ற அடைவுக்குள் ஒவ்வொரு ப்ராசஸும் ஒரு கோப்பாகத் தெரியும். வட்டில் அப்படி எந்தக் கோப்பும் இல்லை. திறக்கும் நொடியில் கெர்னலே உள்ளடக்கத்தைத் தயாரித்துத் தரும். லினக்ஸ் 1992இல் இந்த யோசனையை எடுத்துக்கொண்டு, ப்ராசஸ் விவரங்களை மட்டுமல்லாமல் மெமரிக் கணக்கு, சிபியுக் கணக்கு எல்லாவற்றையும் படிக்கத்தக்க எழுத்துக் கோப்புகளாக வைத்தது. அன்றுமுதல் லினக்ஸில் பி.எஸ்., டாப் போன்றவற்றுக்குக் கெர்னல் முகவரிகளைத் தேடும் தேவையும் சிறப்பு உரிமையும் வேண்டாமல் போயின. கண்காணிப்புக் கருவிகளின் வரலாற்றில் இதைவிடப் பெரிய சீர்திருத்தம் வேறில்லை.

லினக்ஸில் இந்தக் கட்டளைகள் ப்ராக்பிஎஸ் என்ற தொகுப்பில் வருகின்றன. அதன் கதை கைமாறல்களின் கதை. பிராங்கோ லான்கெஸ்டர் எழுதிய பி.எஸ்.ஸை அடித்தளமாகக் கொண்டு ரோஜர் பின்ஸ் லினக்ஸின் முதல் டாப்பை எழுதினார். மைக்கேல் ஜான்சன் ப்ராக் கோப்புகளைப் படிக்கும் பி.எஸ்.ஸைத் தந்தார், ராபர்ட் நேஷன் அதையொட்டி டாப்பை மாற்றினார். பிறகு ஆல்பர்ட் கஹலான் தொகுப்பைத் தனிக் கிளையாக வளர்த்தார். 2002 அளவில் ஜிம் வார்னர் டாப்பை அடியோடு திருப்பி எழுதினார். இன்று பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் ஓடுவது அதன் வழித்தோன்றலே. கஹலானின் கிளையிலிருந்து புதிய பதிப்புகள் வராமல் நின்றபோது டெபியன், ஃபெடோரா, ஓப்பன்சூசே ஆகிய லினக்ஸ் வகைகளின் தொகுப்பாளர்கள் தனித்தனியாகச் சேர்த்துவைத்திருந்த திருத்தங்களை ஒன்றுதிரட்டி, 2011 அளவில் ப்ராக்பிஎஸ்-என்ஜி என்ற பெயரில் தொடர்ந்தார்கள். கிரெய்க் ஸ்மால் அதைப் பராமரித்துவருகிறார். உலகின் வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் நம்பியிருக்கும் ஒரு தொகுப்பை இவ்வளவு காலமும் தாங்கியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தாம்.

இவர்கள் செய்த பராமரிப்பு பிழை நீக்குவதோடு நின்றுவிடவில்லை. காட்டும் எண்ணின் பொருளே மாறிப்போகும்போது அதை எப்படிக் கையாள்வது என்பதுதான் கடினமான பகுதி. லோடு ஆவரேஜ் இதற்கு நல்ல சான்று. டாப்பின் முதல் வரியில், கடந்த 1, 5, 15 நிமிடங்களுக்கான மூன்று எண்கள் இருக்கும். 1970களின் தொடக்கத்தில் டெனெக்ஸ் என்ற இயங்குதளத்தில் பிறந்த அளவு இது. 1973இலேயே இதைப் பற்றிய இணைய ஆவணம் உண்டு. சிபியுவுக்காகக் காத்திருக்கும் வேலைகளும் ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளும் சேர்ந்து சராசரியாக எத்தனை என்பதே யுனிக்ஸில் இதன் பொருள். 1993 அக்டோபரில் மத்தியாஸ் உர்லிக்ஸ் என்பவர் லினக்ஸுக்கு ஒரு திருத்தம் அனுப்பினார். வேகமான வட்டை எடுத்துவிட்டு மெதுவான வட்டைப் பொருத்தினால் கணினி இன்னும் தடுமாறுகிறது. ஆனால் வேலைகள் வட்டுக்காகக் காத்துக்கிடப்பதால் லோடு எண்ணோ குறைகிறது. இது முறையல்ல என்பது அவர் வாதம். அன்றுமுதல் லினக்ஸ், வட்டு போன்றவற்றுக்காக இடையில் எழுப்ப முடியாத உறக்கத்தில் இருக்கும் வேலைகளையும் லோடில் சேர்த்து எண்ணுகிறது. அதனால்தான் சிபியு சும்மா கிடக்கும்போதே லோடு 40, 50 என்று ஏறி நிற்கும் காட்சியை இரவுப் பணியில் இருப்பவர்கள் காண்கிறார்கள். பெரும்பாலும் தொலைவில் உள்ள சேமிப்புக் கருவி பதில் சொல்லாமல் நிற்பதே காரணமாக இருக்கும். எண்ணின் வரலாறு தெரியாதவர் சிபியுவைக் கூட்டச் சொல்வார். தெரிந்தவர் வட்டைப் பார்ப்பார்.

சதவீதக் கணக்கும் இப்படித்தான். ஒரே சிபியு இருந்த நாளில் 100 சதவீதம் என்பது உச்சம். பல கோர்கள் வந்தபின், நான்கு கோர்களையும் நிரப்பும் ஒரு ப்ராசஸ் 400 சதவீதம் என்று தெரியத் தொடங்கியது. டாப்பில் இதற்கு இரண்டு கணக்கு முறைகள் உண்டு. ஒரு கோரை 100ஆகக் கொள்வது ஐரிக்ஸ் முறை. மொத்தக் கணினியையும் 100ஆகக் கொள்வது சொலாரிஸ் முறை. பெரிய ஐ எழுத்தைத் தட்டினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். பழைய இரண்டு யுனிக்ஸ் வகைகளின் பெயர்கள் இன்றும் ஒரு விசைக்குப் பின்னால் உயிரோடு இருக்கின்றன.

ஃப்ரீ என்ற சிறு கட்டளை ஏற்படுத்திய குழப்பம் இன்னும் பரவலானது. லினக்ஸ் சும்மா இருக்கும் மெமரியை வீணாக்காமல், படித்த கோப்புகளை அதில் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும். வேறு நிரல் கேட்டவுடன் விட்டுக்கொடுத்துவிடும். ஆனால் ஃப்ரீயின் பத்தியில் மீதம் மிகச் சிறியதாகத் தெரியும். "மெமரி ஃபுல்" என்று பதறிச் சர்வரை மறுதொடக்கம் செய்தவர்கள் எத்தனையோ பேர். 2014இல் ரிக் வான் ரியெல், உண்மையில் பயன்படுத்தத்தக்க மெமரி எவ்வளவு என்ற மதிப்பீட்டைக் கெர்னலிலேயே சேர்த்தார். அதே ஆண்டில் ப்ராக்பிஎஸ்-என்ஜி பழைய குழப்பமான வரியை நீக்கிவிட்டு அந்த மதிப்பீட்டைத் தனிப் பத்தியாகக் காட்டத் தொடங்கியது. ஒரு பத்தியைச் சேர்த்ததில் என்ன பெரிய வேலை என்று தோன்றலாம். ஆனால் உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஸ்கிரிப்டுகள் ஃப்ரீயின் வெளியீட்டை இடத்தை எண்ணிப் படித்துக்கொண்டிருந்தன. ஒரு வரியை எடுத்தால் அவை உடையும். எடுக்காவிட்டால் மனிதர்கள் தொடர்ந்து ஏமாறுவார்கள். மனிதர்களின் பக்கம் நின்றது சரியான முடிவு.

ஒரு கணினியைப் பார்ப்பது ஒரு பங்கு என்றால், நூற்றுக்கணக்கான கணினிகளையும் ரவுட்டர்களையும் ஒரே இடத்திலிருந்து பார்ப்பது மறுபங்கு. செங்கல்பட்டுப் பகுதி இந்த வரலாற்றுக்குள் நுழைவது இந்த வாசல் வழியாகத்தான். 1988இல் எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறை வெளியானது. ஒவ்வொரு கருவியும் தன் அளவீடுகளுக்கு எண்முகவரி கொடுத்து வைத்திருக்கும். மையத்தில் உள்ள நிரல் கேட்டால் சொல்லும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அதன் கட்டளைவரிக் கருவிகள் கலிபோர்னியாவின் டேவிஸ் வளாகத்துக்குப் போய், பிறகு நெட்-எஸ்.என்.எம்.பி. ஆயின. 1990களின் நடுவில் டோபியாஸ் ஓட்டிக்கர், தம் பல்கலைக்கழகத்தின் 64 கிலோபிட் இணைப்பில் நெரிசலைப் பார்க்க எம்.ஆர்.டி.ஜி.யை எழுதினார். 1999இல் ஈதன் கால்ஸ்டாட் பின்னாளில் நாகியோஸ் என்று பெயர் பெற்ற கருவியை வெளியிட்டார்.

1996இல் ஸ்ரீதர் வேம்புவும் டோனி தாமஸும் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம் முதலில் விற்றது இந்த எஸ்.என்.எம்.பி. சார்ந்த கருவித்தொகுப்புகளைத்தான். சென்னை ஐ.ஐ.டி.யிலும் பிரின்ஸ்டனிலும் படித்தவர் வேம்பு. அப்போது புதிதாக வந்திருந்த ஜாவா மொழியில், பிற நிறுவனங்கள் தங்கள் கண்காணிப்பு மென்பொருளைக் கட்டிக்கொள்ளத் தேவையான அடிப்படைப் பகுதிகளை அவர்கள் செய்து தந்தார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் தொலைத்தொடர்புக் கருவி செய்வோர். 2001இல் அந்தத் துறை சரிந்ததும் வாடிக்கையாளர்கள் கரைந்துபோனார்கள். நிறுவனம் மற்றவர்களுக்கு உதிரிப்பாகம் விற்பதை விட்டுவிட்டு, அலுவலகங்களின் கணினிப் பிரிவுகளே நேராகப் பயன்படுத்தும் கண்காணிப்பு மென்பொருளைச் செய்யத் தொடங்கியது. 2002இல் மேனேஜ்எஞ்சின் பிறந்தது. 2006இல் இணையத்தளங்களையும் சர்வர்களையும் வெளியிலிருந்து பார்க்கும் சைட்24x7 வந்தது. 2009இல் நிறுவனத்தின் பெயர் ஸோஹோ ஆனது. இன்று அதன் தலைமை அலுவலகம் செங்கல்பட்டு மாவட்டத்தில், கூடுவாஞ்சேரியை ஒட்டிய வல்லாஞ்சேரியில், ஜி.எஸ்.டி. சாலையோரம் இருக்கிறது. ஸோஹோ என்றால் மின்னஞ்சலையும் அலுவலக மென்பொருளையும் நினைப்பவர்கள் அதிகம். அந்த நிறுவனத்தின் வேர் கண்காணிப்புக் கருவியில் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் டெநெட் குழுவிலிருந்து வளர்ந்த என்.எம்.எஸ்.வொர்க்ஸ் நிறுவனமும் சிக்நெட் என்ற வலையமைப்புக் கண்காணிப்பு மென்பொருளால் இந்தத் துறையில் பெயர் பெற்றது.

இதே ஆண்டுகளில் நிலப்பரப்பும் மாறியது. கேளம்பாக்கத்து உப்பளங்களையும் பக்கிங்காம் கால்வாயையும் ஒட்டிச் செல்லும் பழைய மகாபலிபுரம் சாலை கணினித் தொழிலின் நெடுஞ்சாலை ஆயிற்று. 2002இல் மகிந்திரா வேர்ல்டு சிட்டி தொடங்கியது, சிறுசேரியில் டி.சி.எஸ்.ஸின் பெரும் வளாகம் எழுந்தது. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபோது இந்தப் பூங்காக்கள் புதிய மாவட்டத்துக்குள் அமைந்தன. 2022இல் சிறுசேரியில் அதானிகனெக்ஸ் தன் முதல் சென்னைத் தரவு மையத்தைத் திறந்தது. தொலைதூரச் சர்வர்களைப் பார்த்துவந்த ஊரிலேயே இப்போது சர்வர்கள் வந்து குடியேறுகின்றன.

வெளிநாட்டு நிறுவனங்களின் கணினிகளை இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தங்கள் இந்த வளாகங்களின் பெரும் வேலைகளில் ஒன்று. நியூயார்க்கில் பகல் வேலை நடக்கும் நேரம் இங்கே இரவு. விண்டோஸ் கணினியில் புட்டி என்ற சிறு நிரலைத் திறந்து, எங்கோ உள்ள லினக்ஸ் சர்வருக்குள் நுழைவார்கள். 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் கொண்ட திரை முழுவதும் சேர்ந்தாலும் 1,920 எழுத்துகள்தாம். இரண்டு கிலோபைட்டுக்கும் குறைவு. கடலடிக் கம்பி எவ்வளவு நெரிசலாக இருந்தாலும், சர்வர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தாலும், அவ்வளவு சிறிய செய்தி வந்து சேர்ந்துவிடும். வண்ண வரைபடங்கள் காட்டும் டேஷ்போர்டுகள் பெருகிய பின்னும் கட்டளைவரிக் கருவிகள் ஒழியாததற்கு இதுவே முதற்காரணம். டேஷ்போர்டு பதில் சொல்லாத நேரத்தில்தான் டாப் தேவைப்படுகிறது. இரவு இரண்டு மணிக்கு நடந்ததைக் காலை ஒன்பது மணிக்கு விளக்கச் சொல்லும்போது டாப் உதவாது. அது நிகழ்காலத்தை மட்டும் அறியும். அங்கே கைகொடுப்பது சார் என்ற கட்டளை. யுனிக்ஸின் பழைய சாரை லினக்ஸுக்காக சிஸ்ஸ்டாட் என்ற தொகுப்பில் செபாஸ்தியன் கொதார் 1999 முதல் பராமரித்துவருகிறார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவுகளை எழுதி வைத்துவிடும். போன நாள்களையும் புரட்டிப் பார்க்கலாம்.

எச்டாப் 2004இல் வந்தது. பிரேசிலைச் சேர்ந்த ஹிஷாம் முகமது அதை எழுதினார். பெயரின் முதல் எழுத்து அவருடையது. டாப்பில் ஒரு ப்ராசஸை நிறுத்த அதன் எண்ணைப் பார்த்துத் தட்ட வேண்டும். அவசரத்தில் ஒரு இலக்கம் பிசகினால் வேறொன்று சாகும். எச்டாப்பில் அம்பு விசையால் வரியைத் தேர்ந்து நிறுத்தலாம். பட்டியலை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தலாம். எந்த ப்ராசஸ் எதைப் பெற்றது என்று மரவடிவில் பார்க்கலாம். கோருக்கு ஒரு வண்ணப்பட்டை உண்டு. 2016இல் வெளியான இரண்டாம் பெரும்பதிப்பு லினக்ஸுக்கு வெளியிலும் ஓடியது. லஃபீவர் முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்ததுபோலவே, இயங்குதளத்தைத் தொடும் பகுதிகளைப் பிரித்துவைத்த பிறகுதான் அது கைகூடியது. 2018க்குப் பின் புதிய பதிப்பு வரவில்லை. அனுப்பப்பட்ட திருத்தங்கள் தேங்கின. 2020இல் டெபியனில் எச்டாப்பைத் தொகுத்துவந்தவர் உள்ளிட்ட சிலர் சேர்ந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆகஸ்டில் மூன்றாம் பெரும்பதிப்பு வெளிவந்தது. ஹிஷாமும் அதை வரவேற்றார். ஒற்றை மனிதரின் படைப்பு ஒரு குழுவின் பராமரிப்புக்கு மனக்கசப்பு இல்லாமல் கைமாறிய நல்ல நிகழ்வு அது.

புதிய கருவி எழுதுவோரின் ஆர்வமும் குறையவில்லை. ஒருவரே பாஷ்டாப் என்று பாஷில் எழுதி, மெதுவாக இருக்கிறது என்று பைத்தானில் பிபைடாப்பாக மாற்றி, 2021இல் சி++இல் பிடாப்பாகத் திருப்பி எழுதினார். கண்காணிக்கும் நிரலும் கணினியின் சுமையில் சேரும் என்பதால் இந்த மாற்றங்கள் வெறும் ஆசைக்காக அல்ல. டாப்பைத் தட்டிப் பார்த்தால் பட்டியலில் டாப்பும் ஒரு வரியாக நிற்கும்.

அண்மைய பெரிய மாற்றம் கன்டெய்னர்கள். 2008இல் லினக்ஸில் சேர்ந்த சிகுரூப் வசதியால் ஒரு சர்வரைப் பல தனி அறைகளாகத் தடுக்க முடிந்தது. அறைக்கு இரண்டு கிகாபைட் என்று வரம்பு வைத்திருந்தாலும், உள்ளே ஃப்ரீ அடித்தால் முழுக் கட்டடத்தின் மெமரியையே காட்டும். ப்ராக் கோப்புகள் இந்தப் பிரிவினை வருவதற்கு முன் வகுக்கப்பட்டவை. அவற்றின் இடத்தில் அறைக்குரிய எண்களைக் காட்ட எல்எக்ஸ்சிஎஃப்எஸ் போன்ற ஏற்பாடுகள் தேவைப்பட்டன. லோடு ஆவரேஜின் பழைய குழப்பத்துக்கும் ஒரு வழி பிறந்தது. 2018 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 4.20, சிபியு, மெமரி, வட்டு ஆகிய ஒவ்வொன்றுக்காகவும் வேலைகள் எவ்வளவு நேரம் தடைபட்டு நின்றன என்பதைத் தனித்தனியாகச் சொல்லத் தொடங்கியது. ஃபேஸ்புக்கில் பணியாற்றிய ஜோகன்னஸ் வைனர் அதை எழுதினார். எச்டாப் இதைத் தன் அளவுப்பட்டைகளில் சேர்த்துக்கொண்டது. 2022இல் ப்ராக்பிஎஸ்-என்ஜி தன் நான்காம் பெரும்பதிப்பில் உள்நூலகம் முழுவதையும் புதிதாக எழுதிக்கொண்டது.

தமிழ்நாட்டில் லினக்ஸ் சர்வர் அறைகளுக்கு வெளியே வந்ததும் இந்தக் காலத்தில்தான். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழ் இடைமுகத்தோடு வந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அது விண்டோஸோடு சேர்த்துத் தரப்பட்டது. 2012இல் தொடங்கிய கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதி, எளிய தமிழில் பாட நூல்களையும் இலவசமாக வெளியிட்டுவருகிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு சந்திப்புகளில் மாணவர்களுக்குக் கட்டளைகள் கற்பிக்கப்படுகின்றன.

ஆனாலும் கறுப்புத் திரைக்குள் தமிழ் இன்னும் சீராக நுழையவில்லை. அதற்குக் கட்டமைப்பிலேயே காரணங்கள் உண்டு. டெர்மினல் சம அகலக் கட்டங்களால் ஆனது. ஒரு குறியீட்டுக்கு ஒரு கட்டம் என்பது அதன் விதி. தமிழில் புள்ளிக்குத் தனி இடம் இல்லை, துணைக்காலுக்கு உண்டு, கொம்பும் காலும் ஒரே எழுத்தின் இரு பக்கமும் நிற்கும், "ணை", "ஞௌ" போன்றவை கட்டத்தை மீறும். நிரல் கணக்கிடும் அகலமும் எழுத்துரு வரையும் அகலமும் ஒத்துப்போகாமல் பத்திகள் கோணலாகும். பத்தி கோணினால் டாப் போன்ற கருவிக்குப் பயனில்லை. இன்னொரு தடை லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கிறது. ப்ராசஸின் பெயருக்கு அது ஒதுக்கும் இடம் 15 பைட்டுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டு எடுக்கும். ஆக ஐந்து குறியீடுகள்தாம் அடங்கும். செங்கல்பட்டு என்று ஒரு நிரலுக்குப் பெயரிட்டால் கெர்னல் வைத்துக்கொள்வது "செங்க" வரைதான்.

பெயரின் நீளம் கெர்னலின் முடிவு. அதை மாற்றுவது பல நிரல்களைத் தொடும். பத்தி அகலக் கணக்கு அப்படியல்ல. தமிழ் எழுத்தின் இயல்பு அறிந்தவர்கள் உட்கார்ந்து, எந்தக் கோர்வை எத்தனை கட்டம் எடுக்க வேண்டும் என்று வரையறுத்து, டெர்மினல் எழுதுவோருக்கும் எழுத்துரு செய்வோருக்கும் சொன்னால் சீராகக்கூடியது. இதைச் செய்யத் தகுதியானவர்கள், டாப்பையும் எச்டாப்பையும் பார்த்தே சம்பளம் பெறுபவர்கள், சிறுசேரியிலும் பரனூரிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் வாரத்தில் சில மணி நேரத்தை இதற்கு ஒதுக்கித் தர வேண்டும். ப்ராக்பிஎஸ்-என்ஜியின் மூலநிரல் கிட்லேபிலும் எச்டாப்பின் மூலநிரல் கிட்ஹப்பிலும் திறந்தே கிடக்கின்றன. திருத்தம் அனுப்ப யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.